சாரல் மழையில் சேராது

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஷமீம் பானு கிரிக்கெட் ஆடிச் சம்பாதிக்கிறாள். இதைச் சொன்னால் தெருவில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் எந்த டீம் என்று கேட்கிறார்கள். அவள் மட்டையைக் கையால் தொட்டவள் இல்லை. காலையில் மகள் முஹ்ஸினாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஆபீசுக்குப் போவாள். பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கைக்கும் அடக்கமான ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை பந்து போடுவாள், அடிப்பாள், அவுட் ஆவாள். சென்னையில் ஒரு கம்பெனி கிரிக்கெட் வீடியோ கேம் செய்கிறது. அது வெளியே வருவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கெங்கே தப்பு இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். ஷமீம் அந்த ஆட்களில் ஒருத்தி.

தப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படியேறும்போது, "இன்னைக்கு ஒரே பக்கு அண்ணாச்சி, பிடிச்சு மாளல" என்றாள். எனக்குக் குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. லாட்ஜ் நடத்துகிறவனுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், மூட்டைப்பூச்சி. மறுநாளே மாடிக்கு மருந்து அடிக்கிற ஆளை அனுப்பிவிட்டேன். அவள் கதவைத் திறந்து விஷயம் புரிந்ததும் சிரித்த சிரிப்பு கீழே வரை கேட்டது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால், "இன்னைக்கு மருந்து வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவாள்.

அவள் அச்சன்புதூர்க்காரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் துல்கர்னைன் சவூதியில் இருக்கும் தம்மாமுக்குப் போனான். இறைச்சியும் ஐஸ்கிரீமும் அடுக்கிவைக்கிற குளிர்க் கிடங்கில் வேலை. வெளியே நெருப்பாகக் காயும், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அந்த லீவும் பெருநாளையோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தையோ ஒட்டித்தான் கிடைக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு குற்றால சீசனுக்குக்கூட அவன் ஊரில் இருந்ததில்லை. இளவட்டமாக இருந்தபோது அச்சன்புதூர் டீமின் விக்கெட் கீப்பர் அவன்தான். ஆனியும் ஆடியும் சாரலில் நனைந்துகொண்டே கீப்பிங் செய்தவன், இப்போது அந்த இரண்டு மாதமும் போனில் ஊர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஷமீமுக்கு வேலை நிரந்தரமானால் அவன் எக்ஸிட் அடித்துவிட்டு வந்துவிடுவது. சவூதியில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்கள், திரும்பிப் போகிற எண்ணமில்லாமல் ஊருக்குக் கிளம்புவதை அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனியில் பங்குனிக்குள் நிரந்தரம் செய்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பங்குனியில் கடிதம் வந்தால் ஆனிச் சாரலுக்கு ஆள் வீட்டில் இருப்பான். ஷமீமின் கணக்கு அவ்வளவுதான். அவள் அந்தத் திரைக்கு முன்னால் கண் எரிய உட்கார்ந்ததெல்லாம் அதற்காகத்தான்.

ஒரு நாள் ஆபீசுக்குக் குடும்பத்தைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவள் மகளோடு என்னையும் என் வீட்டுக்காரியையும் கூட்டிப்போனாள். ஹெட்போனை என் காதில் மாட்டி, கருவியைக் கையில் கொடுத்தாள். எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது. வேலைவெட்டி உள்ளவன் பார்க்கிற ஆட்டமில்லை என்பது என் எண்ணம். ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் ஆடித்தான் போனேன். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் அசைகிறது. வெயில் ஏற ஏற ஆட்டக்காரனின் சட்டை முதுகில் வேர்வை பரவி நிறம் கறுக்கிறது. பந்து பழசாகிறது, பிட்ச் வெடிக்கிறது, ஸ்டம்பின் நிழல் நேரத்துக்குத் தகுந்தபடி நீளுகிறது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ விசிலடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சுவர். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டபோது கையிலிருந்த கருவி வெடவெடவென்று நடுங்கியது. நிஜமான ஆட்டக்காரர்களைச் சுற்றிலும் கேமரா வைத்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, அந்த அசைவை அப்படியே உள்ளே எடுத்திருக்கிறார்களாம். ஒரு பந்து நேரே முகத்துக்கு வந்தது. நான் குனிந்துவிட்டேன். முஹ்ஸினா கைதட்டினாள்.

எனக்கு எரிச்சல். "இவ்வளவு பாடுபட்டு நெசம் மாதிரி செய்யதுக்கு, நெசத்தையே போய்ப் பாத்துட்டு வரலாமே" என்றேன்.

"நெசத்துல நீங்க சிக்ஸ் அடிப்பீங்களா அண்ணாச்சி?" என்றாள் ஷமீம். நான் கருவியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தப்புக் கண்டுபிடிப்பதில் அவள் கண் பொல்லாதது. கொளுத்துகிற வெயில் ஸ்டேடியத்தில் கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பார்வையாளனைப் பிடித்தாள். நிழல் சூரியன் இருக்கிற பக்கமே விழுந்த ஒரு அம்பயரைப் பிடித்தாள். பெவிலியன் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே பெய்த மழையைப் பிடித்தாள். இதையெல்லாம் பார்த்துத்தான் சென்னையில் அவளுக்கு மேலே இருக்கும் ஜெஸி, வானிலையைப் பார்க்கிற பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தாள். மேகம், வெயில், பனி, மழை எல்லாம் நிஜம்போல இருக்கிறதா என்று பார்ப்பது. மழை வந்தால் அம்பயர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், கூட்டம் குடை விரிக்க வேண்டும், ஆட்கள் பிட்ச்சை மூட ஓடிவர வேண்டும். தென்காசிப் பக்கத்துக்காரியிடம் மழையைக் கொடுத்தது புத்திசாலித்தனமான காரியம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இங்கே சாரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாரல் எங்கள் ஊரில் மழைக் கணக்கில் வராது. செங்கோட்டைப் பக்கத்து மலை இடைவெளி வழியாகக் காற்று வரும்போது அதோடு சேர்ந்து தண்ணீர்த் தூளும் வரும். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும், சாரலும் விழுந்துகொண்டிருக்கும். அதற்காக யாரும் ஒதுங்கமாட்டார்கள், காயப்போட்ட துணியைக்கூட எடுக்கமாட்டார்கள். சாரலில் ஒருவன் குடை விரித்தால் அவன் வெளியூர்க்காரன், ரூம் வேண்டுமா என்று நான் போய்க் கேட்பேன். பையன்கள் பாட்டுக்குக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். "வெளிய மழையா?" என்று வீட்டுக்குள்ளிருந்து யாராவது கேட்டால், தலை நனைய வந்து நிற்கிறவன் "இல்ல, சாரல்தான்" என்பான். அவன் சொல்வது பொய்யில்லை.

போன ஆடியில்தான் அந்த மேட்ச்சை ஷமீம் ஆடிப் பார்த்தாள். வளைகுடாப் பாலைவனத்தில் ஒரு ஸ்டேடியம், பகல் ஆட்டம், உச்சி வெயில். அந்த கேமில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்துபோய், ஆட்டத்தின் நடுவில் பொடிப்பொடியாகத் தண்ணீர் விழ ஆரம்பித்திருக்கிறது. வெயில் குறையவில்லை. அம்பயர் அசையவில்லை. ஒருத்தரும் குடை விரிக்கவில்லை. ஷமீம் கடைசிப் பந்து வரை ஆடினாள். ஜெயித்தாள். எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டாள். அவளுடைய ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அந்த நேரம் அதேதான் நடந்துகொண்டிருந்தது, வெயிலும் சாரலும்.

தை மாதம் கேம் வெளியே வந்தது. போனிலும் ஆடலாம் என்பதால் ஏகப்பட்ட பேர் வாங்கினார்கள். வாங்கின வாரமே அந்த மேட்ச்சை வீடியோ எடுத்துப் போட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாலைவனத்தில் மழை, மழையில் வெயில், வெயிலில் கிரிக்கெட் என்று ஆளாளுக்கு ஒரு கிண்டல். நிஜத்தைப் போலவே இருக்கும் என்று விளம்பரம் செய்த கம்பெனிக்கு அது பெரிய தலைகுனிவு. யார் சரி என்று சொன்னது என்று தேடினார்கள். தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஜெஸி கூப்பிட்டதைப் பிறகு ஷமீமே படிக்கட்டில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னாள்.

"ஷமீம், அந்த மேட்ச்சை முழுசா ஆடினீங்களா? இல்ல, ஆடாமலே சரின்னு போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க" என்று ஜெஸி கேட்டிருக்கிறாள்.

"முழுசா ஆடுனேன் மேடம். ஜெயிச்சேன்."

"அப்போ மழை பெய்யறதைப் பாக்கலையா?"

"மழை பெய்யலையே மேடம்."

ஆடிப் பார்க்கிறவர்களின் திரை அப்படியே பதிவாகிவிடும். ஜெஸி அந்தப் பதிவை ஓட்டிக் காட்டினாள். திரை முழுக்கப் பொடித் தூறல். "இது என்ன, ஷமீம்?"

"இது சாரல்லா" என்றிருக்கிறாள் இவள்.

ஜெஸி அந்தப் பதிவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாளாம். அவள் கெட்டவள் இல்லை. உங்கள் ஊரில் வானிலை இப்படித்தான் என்றால் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், மேலே காட்டி ஏதாவது பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னாள். மாசி மாதத்தில் சாரலுக்கு எங்கே போவது? ஷமீம் என்னிடம் வந்தாள். என் போனில் சீசன் வீடியோ நிறைய இருந்தது. வெளியூரிலிருந்து சீசன் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு அனுப்ப நான் எடுத்துவைப்பது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சாரல் வீடியோவில் விழாது. அவ்வளவு பொடி. நான் சொட்டச் சொட்ட நின்று எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "வெயிலா இருக்கே, அடுத்த வாரம் வரோம்" என்று ரூமை வேண்டாம் என்றவர்கள் ஏராளம். இருந்தாலும் உள்ளதில் நல்லதாக ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் சாரலில் ஆடுகிற வீடியோ. ஷமீம் அனுப்பினாள். ஜெஸியிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. நல்ல வெயிலாகத்தானே இருக்கிறது, இதில் மழை எங்கே என்று.

நான் நியாயம் பேசுகிறவன். தப்பு தப்புதான் என்று அன்றைக்கே சொன்னேன். "ஏம்மா, நம்ம ஊருக்குச் சரி. அது பாலைவனம்லா? ஒன் மாப்பிள்ளையே அங்கனதான கெடக்கான், அங்க சாரல் விழாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "தெரிஞ்சும் கண்ணுக்குத் தப்பாத் தோணலையே. நான் என்ன செய்ய?" அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். என் வீட்டுக்காரி என்னை முறைத்த முறைப்பில் நான் லாட்ஜுக்குக் கிளம்பிவிட்டேன்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிரந்தரம் செய்வதை ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வானிலையை வாங்கிக்கொண்டு, பார்வையாளர் கூட்டத்தைப் பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். யார் சட்டை என்ன நிறம், யார் எப்போது எழுந்து கத்துகிறார்கள் என்று பார்ப்பது. ஜெஸி போனில் வருத்தப்பட்டாளாம். வருத்தத்தை வைத்துக்கொண்டு எக்ஸிட் அடிக்க முடியாது.

துல்கர்னைன் அதற்குள் கிடங்கு மேனேஜரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி வைத்துவிட்டான், வைகாசியோடு கிளம்புகிறேன் என்று. அதைத் திரும்ப வாங்க வேண்டும். இந்தச் சேதியைச் சொல்ல ஷமீம் ஒரு நாள் முழுக்கத் தயங்கினாள். சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் போன் போட்டாள். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை. நாங்கள் இருந்தால் அவன் கோபப்படமாட்டான் என்று நினைத்தாளோ என்னவோ. நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். அவன் கோபப்படவில்லை.

"அதுவா? அது நான் கேம் வாங்குன அன்னைக்கே பாத்தனே" என்றான்.

"பாத்தீங்களா? பாத்துட்டு எங்கிட்டச் சொல்லலையே மச்சான்! மொத நாளே சொல்லிருந்தா, யாரும் பாக்கதுக்கு முந்தியே நானே பிடிச்சதாச் சொல்லிருப்பேன்லா?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். "நான் அதைத் தப்புன்னு நெனைக்கல புள்ள. நீதான் எனக்காகப் போட்டிருக்கேன்னு நெனச்சேன்."

அவனே தொடர்ந்தான். அந்த ஸ்டேடியத்தைப் பார்த்தால் தம்மாம் போலவே இருந்ததாம். அதில் சாரல் விழுந்ததும், இது என் பொண்டாட்டி வேலைதான் என்று ரூமில் இருந்த கடையநல்லூர், செங்கோட்டைப் பையன்களிடம் எல்லாம் காட்டியிருக்கிறான். அவர்களும் ஒருத்தன் பாக்கியில்லாமல் நம்பியிருக்கிறார்கள். டூட்டி முடிந்து வந்து, லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு மேட்ச்சைத்தான் திரும்பத் திரும்ப ஆடுகிறார்களாம். ஜெயிப்பதற்கு யாரும் ஆடுவதில்லை. சாரல் வருகிற ஓவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

"கிறுக்குப் பயலுவ" என்றேன் நான்.

"நான் போடல மச்சான்" என்றாள் ஷமீம். "அது பக்கு. அடுத்த அப்டேட்டுல எடுத்துருவாங்க. வந்தொடன போனுல ஏத்திக்கிடுங்க."

"சரி" என்றான்.

அப்டேட் பங்குனியில் வந்தது. பாலைவன ஸ்டேடியம் காய்ந்துவிட்டது, கிண்டலும் ஓய்ந்துவிட்டது. ஷமீம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துல்கர்னைன் மேனேஜரிடம் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அந்த மனிதர் நல்லவேளை ஒன்றும் கேட்கவில்லையாம்.

இந்த வருஷம் சீசன் முன்னதாகவே வந்துவிட்டது. ஆனி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். ஷமீம் அங்கே மகளோடு நின்றுகொண்டிருந்தாள். வெயில், அதோடு நல்ல சாரல். அவள் போட்டிருந்த ஷால் நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. கையில் போன், அதில் துல்கர்னைன். அவள் போனை மலைப்பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மச்சான், இங்கன பாருங்க. சாரல் வந்துட்டு."

"எங்க? வெயிலால்லா அடிக்குது."

"நல்லாப் பாருங்க. அந்தத் தென்னைக்குப் பக்கத்துல. விழுதுல்லா?"

"ஒண்ணும் தெரியலயே புள்ள."

அவள் போனை மேலே தூக்கினாள், தாழ்த்தினாள், முஹ்ஸினாவின் தலைமுடியில் நின்ற துளிகளைக் காட்டினாள். மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறாளா என்று அவன் கேட்டான். நான் போனை வாங்கினேன். "தம்பி, போன்ல சாரல் விழாதுப்பா. இதுனாலதான் என் லாட்ஜு பாதி நாள் காலியாக் கெடக்கு. பெய்யுது, நம்பு" என்றேன்.

"நம்புதேன் அண்ணாச்சி. போனை அவகிட்டக் குடுங்க. நான் ஒண்ணு காட்டுதேன்" என்றான்.

அவன் தலைமாட்டிலிருந்து இன்னொரு போனை எடுத்தான். எதையோ அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு அதன் திரையை எங்களுக்குத் திருப்பினான். பாலைவன ஸ்டேடியம், உச்சி வெயில். அதில் பொடிப்பொடியாக, சாய்வாக, காற்றோடு சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் விழுந்துகொண்டிருந்ததைவிட அது தெளிவாகத் தெரிந்தது.

"இந்தா, இங்க பெய்யுது பாரு."

"இன்னுமா அப்டேட் ஏத்தல? எத்தனை மட்டம் சொல்லிருக்கேன்?"

"ஏத்துனா நின்னுருமே."

ஷமீம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தத் திரையைப் பார்த்தாள். தப்புத் தேடுகிற கண் அது, சும்மா இருக்காது. நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்து போன் மேல் சொட்டியது. ஷால் நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"மச்சான், இதை நான் அப்ப கவனிக்கவே இல்லை. இவ்வளவு சாரல் விழுது, பேட்ஸ்மேன் சட்டை நனையல பாருங்க" என்றாள்.

"என் சட்டையுந்தான் நனையல" என்றான் துல்கர்னைன்.